மணமா? மனுவா?

விவாகங்களைப் பதிவு செய்யவேண்டும் என்னும் சட்டத்தை எதிர்ப்பதற்காக நாம் இதை எழுதவில்லை. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறோம். ஏனென்றால், பதிவைப் பற்றி ஒரு குறை சொல்ல வாயெடுத்தவுடனேயே, "அக்கினி சாட்சி போதாதா? அம்மன் சந்நிதி போதாதா? கச்சேரிக்காரன் முத்திரை எதற்கு?" என்று கேட்கும் பழமைவாதிகள் நம் பக்கத்தில் வந்து நின்றுகொள்வார்கள். அவர்கள் துணை நமக்கு வேண்டாம். அக்கினி எந்த நியாயஸ்தலத்திலும் ஏறிச் சாட்சி சொன்னதில்லை. அம்மன் எந்தப் பெண்ணுக்கும் ஜீவனாம்சம் வாங்கிக் கொடுத்ததில்லை. புருஷன் கைவிட்ட அன்றைக்கு ஒரு பெண்ணுக்காகப் பேசக்கூடியது அவள் பெட்டியிலிருக்கும் ஒரு காகிதந்தான். அந்தக் காகிதம் மணமான ஒவ்வொரு பெண்ணின் பெட்டியிலும் இருக்கவேண்டும் என்பதே நமது கொள்கை.

நாம் எதிர்ப்பது வேறொன்றை. பதிவுப் புத்தகம் என்பது ஒரு சாட்சி. நடந்ததை நடந்தது என்று சொல்வது சாட்சியின் வேலை. நடக்கலாமா, கூடாதா என்று தீர்ப்பளிப்பது அதன் வேலையன்று. மணமக்கள் இருவரும் இந்நாட்டவராக இருக்கும்வரையில் அந்தப் புத்தகம் சாட்சியாகவே இருக்கிறது. இருவரில் ஒருவர் வேற்று நாட்டவராக இருந்துவிட்டாலோ, சாட்சி எழுந்து போய் நீதிபதியின் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறது. மணமக்கள் மனுதாரர்கள் ஆகிவிடுகிறார்கள். பழைய மனு ஒன்றை எதிர்த்து நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகப் போராடினார்கள். யார் யாரை மணக்கலாம் என்று சொல்ல இப்பொழுது புதிய மனு ஒன்று, மூன்று பிரதிகளில், புகைப்படத்துடன் வந்திருக்கிறது. இதிலே பெரிய அநியாயம் என்னவென்றால், இந்த விசாரணையின் தண்டனையைக் கடைசியில் அநுபவிப்பது மனுப் போட்ட இருவரும் அல்லர். அவர்களுக்குப் பிறக்கும் குழந்தை.

பினாங்கில் இன்று நடைமுறையிலிருப்பது 1976-ஆம் ஆண்டின் விவாக, விவாகரத்துச் சீர்திருத்தச் சட்டம். 164-ஆம் நம்பர்ச் சட்டம் என்றால் வக்கீல்களுக்கு விளங்கும். 1982-ஆம் ஆண்டு மார்ச்சு 1-ஆம் தேதி அது அமுலுக்கு வந்தது. முஸ்லிம் சகோதரர்களுக்கு அது பொருந்தாது. அவர்களுக்கு மாநிலங்களின் இஸ்லாமியக் குடும்பச் சட்டங்கள் இருக்கின்றன. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு ஒருவனுக்கு ஒருத்தி என்பதை இந்நாட்டில் சட்டமாக்கியது இதுவே. அதற்கு முன், வழக்கத்தின் பேரால் எத்தனை தாலி வேண்டுமானாலும் கட்டலாம். ஊரில் ஒருத்தி, தோட்டத்தில் ஒருத்தி என்று இரண்டு அடுப்பு எரித்த கனவான்களின் கதை தோட்டத்து லயங்களில் கொஞ்சமா? அந்தக் கதைக்கு முற்றுப்புள்ளி வைத்த சட்டத்தை நாம் வாழ்த்தவே செய்கிறோம்.

அது கல்நெஞ்சம் படைத்த சட்டமும் அன்று. 1982-க்கு முன் ஏதேனும் ஒரு மத முறைப்படியோ வழக்கப்படியோ முறையாக மணந்தவர்களையெல்லாம், ஒரு காகிதமும் கேட்காமல், பதிவு செய்துகொண்டவர்களாகவே அது பாவித்துக்கொண்டது. 11-ஆம் பிரிவைப் பாருங்கள். நெருங்கிய இரத்த உறவில் மணக்கக் கூடாது என்று பட்டியல் போட்டுக்கொண்டே வந்து, இந்துக்களுக்கு மட்டும் ஒரு விலக்கு வைக்கிறது: அக்காள் மகளைத் தாய்மாமன் மணக்கும் வழக்கத்துக்கு இந்தப் பிரிவு தடையன்று என்கிறது. அந்த வழக்கம் நல்லதா என்பது வேறு பேச்சு. நாம் அதை ஆதரிப்பவர்கள் அல்லர். ஆனால் கோலாலம்பூரில் உட்கார்ந்து சட்டம் எழுதியவர்கள் நம் வீட்டுக் கூடத்துக்குள் எட்டிப்பார்த்து, மாமன் முறை என்று ஒன்று இருப்பதைத் தெரிந்துகொண்டு, அதற்கு வழிவிட்டிருக்கிறார்கள். அவ்வளவு கரிசனம் காட்டத் தெரிந்த சட்டம், கடல் கடந்து வந்த ஒரு பெண்ணையோ ஆணையோ கண்டவுடன் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்பதுதான் நமது கேள்வி.

இந்நாட்டவர் இருவர் மணந்துகொள்ள விரும்பினால் வழி நேரானது. பதிவு வட்டாரத்தில் 7 நாள் குடியிருந்திருக்க வேண்டும். அறிவிப்புக் கொடுக்க வேண்டும். இருவரும் தடை எதுவும் இல்லை என்று பிரகடனம் செய்யவேண்டும். அந்த அறிவிப்பு 21 நாள் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டப்பட்டிருக்கும். முன் தாரம் இருந்தாலும், ஏமாற்றப்பட்ட பெண் ஒருத்தி இருந்தாலும், அந்த 21 நாளுக்குள் வந்து ஆட்சேபணை தெரிவிக்கலாம். யாரும் வரவில்லையென்றால் பத்திரம் கிடைத்துவிடும். நல்ல ஏற்பாடு. ஊரறிய நடக்கட்டும், தடை சொல்கிறவர் வந்து சொல்லட்டும் என்பதைவிட நியாயமான விதி வேறென்ன இருக்க முடியும்?

வேற்று நாட்டவர் வந்தால் இந்த விதி போதாது என்கிறார்கள். பாஸ்போர்ட்டும் தங்கும் அனுமதியும் காட்டுவது முறைதான். அதன்மேல், அவருடைய சொந்த நாட்டிலிருந்தோ அந்த நாட்டின் தூதரகத்திலிருந்தோ "இவர் மணமாகாதவர்" என்று ஓர் அத்தாட்சி வரவேண்டும். தஞ்சை ஜில்லாக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த வாலிபர் என்றே வைத்துக்கொள்வோம். அவருடைய தகப்பனார் கிராம நிர்வாக அலுவலரிடம் போகவேண்டும். அவர் விசாரித்து வருவாய் ஆய்வாளருக்கு எழுத வேண்டும். அவர் தாசில்தாருக்கு அனுப்பவேண்டும். தாசில்தார் கையெழுத்து உண்மையானதுதான் என்று மாநிலச் சர்க்கார் மேலொப்பம் இடவேண்டும். மாநிலச் சர்க்காரின் மேலொப்பம் உண்மையானதுதான் என்று டில்லியிலுள்ள வெளிநாட்டு அமைச்சு மேலொப்பம் இடவேண்டும். இவ்வளவும் ஆகிக் கடல் கடந்து வந்த காகிதத்தைத் தூதரகம் தன் காகிதத்தில் எடுத்து எழுதவேண்டும். இங்கே அதை மொழிபெயர்த்துக் கொடுக்கவேண்டும். எந்த இடத்திலாவது ஒரு எழுத்துப் பிசகினால், தகப்பன் பெயருக்கு முன் நிற்கும் தலைப்பெழுத்து பாஸ்போர்ட்டில் ஒரு விதமாகவும் தாசில்தார் காகிதத்தில் ஒரு விதமாகவும் இருந்தால், மறுபடியும் கிராமத்துக்கு. தலைப்பெழுத்தைப் பெயரின் பின்னால் விரித்து எழுதும் பாஸ்போர்ட்டும், முன்னால் ஒற்றை எழுத்தாக வைக்கும் பள்ளிக்கூடச் சான்றும் நம்மவருக்குச் செய்திருக்கிற உபகாரம் தனிப் புராணமாகப் பாடத்தக்கது. குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டுப் பேனாவுடன் நம் வீட்டு வாசலில் வந்து நிற்கும் தோழர்களுக்கு, ஆங்கிலத்தில் படித்து, படிவம் நிரப்பியே சம்பளம் வாங்கும் நாமே சில சமயம் ஒரு நிமிஷம் யோசித்துத்தான் விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

காலத்தையும் கணக்குப் பாருங்கள். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதியிலிருந்து இந்தியப் பிரஜைகள் விசா இல்லாமல் வந்து 30 நாள் தங்கலாம் என்று மலேசியச் சர்க்கார் அறிவித்தது. அந்த 30 நாளில் குடியிருப்புக்கு 7, அறிவிப்புக்கு 21, ஆக 28 நாள் சட்டத்துக்கே போய்விடுகிறது. மிச்சம் 2. அந்த இரண்டு நாளில் ஒன்று ஞாயிற்றுக்கிழமை.

இவ்வளவு பாடுபட்டு வாங்கும் அந்த "மணமாகாதவர்" காகிதம் எதை நிரூபிக்கிறது? இந்திய தேசம் முழுமைக்கும் சேர்த்து ஒரே விவாகப் பதிவேடு கிடையாது. தமிழ்நாட்டில் எல்லா விவாகங்களையும் 90 நாளுக்குள் பதிவு செய்யவேண்டும் என்ற சட்டமே 2009-இல்தான் வந்தது. கோயிலில் தாலி கட்டிப் பதிவு செய்யாமல் விட்டவனுடைய பெயர் எந்தப் புத்தகத்தில் இருக்கும்? இருபது வயதில் துபாய்க்குப் போய் முப்பத்தைந்து வயதில் பினாங்குக்கு வந்தவனைப் பற்றிக் கிராம நிர்வாக அலுவலருக்கு என்ன தெரியும்? பக்கத்து வீட்டுக்காரர் தலையாட்டுகிறார், அவர் எழுதிக்கொள்கிறார். தன் ஏட்டில் பதிவில்லை என்பதைத்தான் அவர் சொல்ல முடியும். ஏட்டில் பெண்டாட்டி இல்லை என்பதற்கும் வீட்டில் பெண்டாட்டி இல்லை என்பதற்கும் வித்தியாசம் உண்டு. ஆகவே அயோக்கியனை இந்தக் காகிதம் தடுப்பதில்லை. ஏஜெண்டுக்குக் காசு கொடுக்க அவனுக்குத் தெரியும். மூன்று நாளில் முத்திரையோடு வாங்கிவிடுவான். ஏஜெண்டுக்குக் கொடுக்கக் காசும், ஊருக்குப் போய்வர விமானச் சத்தமும் இல்லாத யோக்கியனைத்தான் இது தடுக்கிறது.

"உங்களவர்கள் இரண்டு குடித்தனம் நடத்தியதால்தானே இந்த எச்சரிக்கை?" என்று கேட்பார்கள். நடத்தியது உண்மை, மேலே நாமே சொன்னோம். அதற்கு மருந்தும் சட்டத்திலேயே இருக்கிறது. முதல் தாரம் உயிரோடிருக்க மறு தாரம் செய்துகொள்பவனுக்குத் தண்டனைச் சட்டத்தின் 494-ஆம் பிரிவு 7 ஆண்டு வரை சிறை வைத்திருக்கிறது. பொய்ச் சத்தியப் பிரமாணம் செய்தவனுக்கும் தனியே தண்டனை உண்டு. இன்னொரு வேடிக்கையையும் பாருங்கள். 164-ஆம் நம்பர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி, தடை எதுவும் இல்லை என்று சத்தியப் பிரமாணத்தின் மூலம் காட்டினால், அறிவிப்பும் வேண்டாம், 21 நாளும் வேண்டாம் என்று தள்ளி, நேரே விவாக அனுமதி கொடுக்க மாநில முதலமைச்சருக்கு அதிகாரம் இருக்கிறது. முதலமைச்சர் முன்னிலையில் ஒரு மனிதனின் சத்தியம் செல்லும்; முகப்பில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா முன்னிலையில் அதே மனிதனின் அதே சத்தியம் செல்லாதா?

இந்தக் காகித நோய் நம்மவருக்குப் புதியதன்று. கடல் கடந்து போன இடங்களிலெல்லாம் அது நம்மைத் துரத்தியிருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் 1913-ஆம் ஆண்டு மார்ச்சு 14-ஆம் தேதி, கேப் மாகாண உயர் நியாயஸ்தலத்தில் நீதிபதி ஸியர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார். இந்தியாவிலிருந்து கணவனிடம் வந்த ஒரு முஸ்லிம் பெண்ணைக் குடிநுழைவு அதிகாரிகள் தடுத்தது பற்றிய வழக்கு அது. பலதாரத்துக்கு இடங்கொடுக்கும் மதத்தின் சடங்குப்படி நடந்த மணம் அந்நாட்டுச் சட்டத்தின் கண்ணில் மணமன்று என்று தீர்ப்பாயிற்று. ஒரு பேனா முனையால் இந்து, முஸ்லிம், பார்சி மனைவிமார் அத்தனைபேரும் மனைவியர் அல்லாதவர்களாகவும், அவர்கள் பெற்ற பிள்ளைகள் முறை தவறிப் பிறந்தவர்களாகவும் ஆகிவிட்டார்கள். அதுவரையில் அரசியல் பக்கம் தலைகாட்டாதிருந்த பெண்கள் அப்பொழுது வீதிக்கு வந்தார்கள். கஸ்தூரிபாய் சிறை சென்றது இந்தப் போராட்டத்தில்தான். டிரான்ஸ்வாலிலிருந்து எல்லை கடந்து நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு நடந்து, தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு அழைத்த பெண்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். சிறையில் பிடித்த காய்ச்சலோடு வெளியே வந்த தில்லையாடி வள்ளியம்மை 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் தேதி இறந்தாள். அவளுக்கு வயது பதினாறு. அவ்வாண்டே இந்தியர் நிவாரணச் சட்டம் வந்து, ஒருதார மணங்களை ஏற்றுக்கொண்டது. மூன்று பவுன் தலைவரியையும் ஒழித்தது.

வள்ளியம்மைக்கு நகரந்தோறும் விழா எடுக்கிறோம். பேச்சுப் போட்டி வைத்துக் கோப்பை கொடுக்கிறோம். அவள் எதற்காகச் சிறை சென்றாள் என்று கோப்பை வாங்கிய பையனைக் கேட்டுப் பாருங்கள். "தேச விடுதலைக்காக" என்பான். வேற்று நாட்டில் வாழும் ஓர் ஏழைப் பெண்ணின் மணத்தை அந்த நாட்டுக் காகிதம் மணம் என்று ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகளில் முக்கியமான ஒன்று என்பதை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

இலங்கையில் இதே நோய் வேறு வடிவம் எடுத்தது. 1949-ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வாசிகள் பிரஜாவுரிமைச் சட்டம், மணமானவர்களுக்கு 7 ஆண்டுத் தொடர் வாசம் போதும் என்றது. மணமாகாதவர்களுக்கு 10 ஆண்டு கேட்டது. மலைநாட்டுத் தோட்டங்களில் வழக்கப்படி மணந்து, பதிவென்பதே இல்லாமல் பிள்ளை குட்டிகளோடு வாழ்ந்தவர்கள் ஏராளம். மணத்துக்குக் காகிதம் காட்ட முடியாதவன் மூன்று ஆண்டை இழந்தான். தேயிலைச் செடிக்கு அடியில் எலும்பைப் புதைத்தவர்களுக்குப் பேரேட்டில் இடமில்லாமல் போனதற்கு வேறு பெரிய காரணங்களும் உண்டு. ஆனால் இப்படிப்பட்ட சின்னக் காரணங்களும் ஆளைக் கொன்றன.

நாம் குடியிருக்கும் சுங்கை பினாங்கில் இன்று நடப்பது என்ன? லோரி ஓட்டும் தோழர் ஒருவர், இந்நாட்டுப் பிரஜை. தமிழ்நாட்டில் தம் பாட்டனார் ஊருக்குப் போய்ப் பெண் கட்டினார். கோயிலில் தாலி, மண்டபத்தில் சாப்பாடு, புகைப்படத் தொகுப்பு மூன்று கிலோ எடை. பதிவு மட்டும் இல்லை. வெளிநாட்டில் மணந்த மலேசியர் ஆறு மாதத்துக்குள் பதிவாளர் முன் வந்து அதைத் தெரிவிக்கவேண்டும் என்று 31-ஆம் பிரிவு சொல்வதை அவருக்குச் சொன்னவர் இல்லை. மனைவி வருகை அனுமதியில் வந்தார். குழந்தை பினாங்கு மண்ணில் பிறந்தது. குழந்தையின் பிறப்புப் பத்திரத்தில் குடியுரிமைக் கட்டத்தில் "புக்கான் வார்கானெகாரா", குடிமகன் அல்லாதவன், என்று எழுதிக் கொடுத்தார்கள். இந்த அலுவலகம் விவாகப் பத்திரம் கேட்கிறது. விவாகப் பத்திரம் கொடுக்கவேண்டிய அலுவலகம் ஊரிலிருந்து பதிவுச் சான்று கேட்கிறது. ஊரிலோ 90 நாள் கடந்துவிட்டது என்கிறார்கள். அவருக்காக நாம் எழுதிய மனுக்கள் ஒரு கோப்பை நிரப்பிவிட்டன. பையனுக்கு அடுத்த ஆண்டு பள்ளிக்கூட வயது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். இந்நாட்டுக்குள்ளே, பத்திரமோ அனுமதியோ இல்லாமல் நடத்திய மணம் செல்லாது என்பது 22-ஆம் பிரிவு. ஆனால் வேறு வகையில் செல்லக்கூடிய ஒரு மணம், பதிவாகவில்லை என்ற ஒரே காரணத்தால் செல்லாததாகிவிடாது என்று 34-ஆம் பிரிவு சொல்கிறது. தமிழ்நாட்டுச் சட்டப்படி முறையாக நடந்த மணம், பதிவில்லாவிட்டாலும் மணமே. அப்படியிருந்தும், காகிதம் இல்லையென்றால் அலுவலகத்தின் கண்ணில் தாய் மணமாகாதவள். பிள்ளை முறையற்ற பிள்ளை. முறையற்ற பிள்ளையாகிவிட்டால் என்ன நடக்கிறது? மலேசிய அரசியல் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, மூன்றாம் பாகம், 17-ஆம் பிரிவின்படி, அப்படிப்பட்ட பிள்ளையின் விஷயத்தில் தகப்பன் என்று வரும் இடத்திலெல்லாம் தாய் என்று படித்துக்கொள்ள வேண்டும். தாய் வேற்று நாட்டவள். ஆகவே பிள்ளையும் வேற்று நாட்டவன். இரத்தம் தகப்பனுடையது, முகம் தகப்பனுடையது, பிறந்த மண் தகப்பனுடையது. குடியுரிமை மட்டும் தகப்பனுடையது அன்று.

நாம் மிகைப்படுத்துகிறோம் என்று யாரும் நினைக்கவேண்டாம். இந்நாட்டின் உச்ச நியாயஸ்தலமான கூட்டரசு நீதிமன்றம் 2021-ஆம் ஆண்டு மே 28-ஆம் தேதி ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. தகப்பன் மலேசியர், தாய் பிலிப்பீன்ஸ் நாட்டவர், 2010-இல் பிலிப்பீன்ஸில் குழந்தை பிறந்தது, பிறந்து சில மாதங்களுக்குப் பின் பெற்றோர் தங்கள் விவாகத்தை மலேசியாவில் பதிவு செய்தார்கள். நீதிபதிகள் எழுவரில் நால்வர் ஒரு பக்கம், மூவர் மறு பக்கம். நால்வர் சொன்னது சட்டமாயிற்று: பிறந்த நிமிஷத்தில் பெற்றோருக்கு மணமாகவில்லை, ஆகவே குழந்தை தகப்பனின் குடியுரிமையைப் பெறாது. சில மாதத் தாமதம். கடன் கட்டத் தாமதமானால் வட்டி போடுவார்கள். இங்கே வட்டியைக் குழந்தையின் ஆயுள் முழுவதும் வசூலிக்கிறார்கள்.

பெண்ணுக்கு இன்னொரு தராசு. இந்நாட்டுப் பிரஜையை மணந்த வேற்று நாட்டுப் பெண், இரண்டு ஆண்டு இங்கே வாழ்ந்தபின் குடியுரிமைக்கு மனுச் செய்யலாம் என்று அரசியல் சட்டத்தின் 15-ஆம் விதி சொல்கிறது. சுங்கை பினாங்குப் பெண் வேற்று நாட்டு ஆணை மணந்தால், அவள் கணவனுக்கு அந்த விதியில் இடமே இல்லை. அவள் வெளிநாட்டில் பெறும் பிள்ளைக்குத் தாய் வழியாகத் தானாகக் குடியுரிமை வருமா என்று தாய்மார் வழக்குத் தொடுத்தார்கள்; 2021 செப்டம்பரில் உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள்; 2022 ஆகஸ்டில் மேல் முறையீட்டில் தோற்றார்கள்; 2024-இல் நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தைத் திருத்தி அவர்கள் கேட்டதைக் கொடுக்க இசைந்தது. தாய்மார் விடாமல் கேட்டதால் கிடைத்தது. இதை நம்மவர் மனத்தில் வைக்கவேண்டும்.

இனி, பேசப்படாத ஒரு கூட்டம் உண்டு. தற்காலிக வேலை அனுமதியில் வரும் அந்நியத் தொழிலாளர்கள். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர்களும், சாப்பாட்டுக் கடையில் இலை எடுக்கிறவர்களும் இவர்களே. அவர்களுடைய அனுமதியிலேயே, இந்நாட்டில் இருக்கும் காலத்தில் மணம் செய்துகொள்ளக் கூடாது என்று நிபந்தனை இருக்கிறது. பதிவு கடினம் என்பதல்ல; பதிவே கிடையாது. தோட்டத்துக் கிராணி வேலையில் இருக்கும் நமக்குச் செக்ரோலில் எத்தனை கை என்று எழுதத் தெரியும். அந்தக் கைக்கு உரியவனுக்கு ஒரு நெஞ்சு இருக்கிறது என்று எழுத அதில் பத்தி இல்லை. மணம் செய்யாதே என்றால் மனிதர் அன்பு செய்யாமல் இருந்துவிடுவார்களா? சபாவின் தோட்டங்களில் இந்தோனேசியத் தொழிலாளருக்கும் பிலிப்பீன்ஸ் தொழிலாளருக்கும் பிறந்து, எந்த நாட்டுப் புத்தகத்திலும் பெயரில்லாமல் திரியும் பிள்ளைகளைப் பாருங்கள். அவர்களைப் பார்த்து "அந்நியர்" என்று முகஞ்சுளிக்கும் நம்மவரின் பாட்டன்மாரும் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய கூலிகளே. நம்மவரிலும் பதிவில்லாத மணத்தால் பிறப்புப் பத்திரம் பிசகி, அதனால் அடையாள அட்டை சிவப்பாகி, கிழவராகும்வரை அலைந்தவர்கள் உண்டு.

ஆங்கிலப் பாடசாலையில் ஆங்கிலேயரின் நீதியைப் பற்றி நிறையப் படித்தோம். அந்த ஆங்கிலேயரும் 2005-ஆம் ஆண்டில் இதே காரியத்தைச் செய்தார்கள். போலி விவாகத்தைத் தடுக்கிறோம் என்று சொல்லி, குடிநுழைவுக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட அந்நியர் மணக்க வேண்டுமானால் உள்துறையின் அனுமதிப் பத்திரம் வாங்கவேண்டும் என்றார்கள். கட்டணம் 295 பவுன் வரை ஏறியது. இங்கிலாந்துத் திருச்சபையின் கோயிலில் நடக்கும் மணத்துக்கு மட்டும் அது வேண்டாமாம்! போலிகள் அந்தக் கோயில் வாசலை மிதிக்கமாட்டார்கள் போலும். 2008 ஜூலை மாதம் அவர்களுடைய பிரபுக்கள் சபை நீதிபதிகளே அதைத் தகாதென்றார்கள். ஒரு மணம் போலி என்று ஐயம் இருந்தால் அந்த ஒன்றை விசாரி. எல்லோர் கழுத்திலும் கயிறு போடாதே என்பது அதன் சாரம். 2011-இல் அந்தத் திட்டம் ஒழிந்தது. போலி விவாகம் என்ற பூச்சாண்டியை இங்கே காட்டுகிறவர்களுக்கும் இதே பதில் போதும்.

சர்க்காரைச் சொல்லிவிட்டு நம்மவரைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. மண்டபத்துக்கு ஒரு வருஷம் முன்னதாகவே பணம் கட்டுகிறோம். மாப்பிள்ளையின் தலைப்பாகைக்கும் பெண்ணின் கூந்தல் அலங்காரத்துக்கும் தனித்தனி ஆள் வைக்கிறோம். நாதசுரம் ஊரிலிருந்து வருகிறது. புரோகிதர் நல்ல நேரம் பார்த்து, இராகு காலம் தப்பி, நிமிஷக் கணக்கில் முகூர்த்தம் குறித்துத் தருகிறார். 21 நாள் அறிவிப்பு என்று ஒன்று உண்டே, அதை எப்பொழுது கொடுப்பது என்று அவரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. உதவிப் பதிவாளராக நியமனம் பெற்ற குருக்களே சட்டப்படி கோயிலில் மணம் நடத்திப் பதியலாம் என்பது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? "கலியாணம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பது நமது தாரக மந்திரம். பிறகு பார்ப்பது யார்? கைக்குழந்தையோடு கச்சேரி வாசலில் நிற்கும் அந்த வேற்றூர்ப் பெண். அவளுக்கு மலாய் தெரியாது, வழி தெரியாது, அவளுடைய பாஸ்போர்ட் மாமியார் பெட்டியில் பூட்டியிருக்கிறது என்றால் அதையும் நாம் நம்புவோம்.

செய்யமுடியாதது எதையும் நாம் கேட்கவில்லை. சொந்த நாட்டு அத்தாட்சி குறித்த கெடுவுக்குள் வராவிட்டால், சத்தியப் பிரமாணத்தையும் 21 நாள் அறிவிப்பையும் கொண்டு மணத்தைப் பதியட்டும்; பொய் சொன்னவனை 494-ஆம் பிரிவு பார்த்துக்கொள்ளட்டும். அறிவிப்பு முடியும்வரை வருகை அனுமதி தானாக நீளட்டும். வேலை அனுமதியிலுள்ள மணத்தடை நீங்கட்டும். வெளிநாட்டில் முறையாக நடந்த மணம் பிந்திப் பதியப்பட்டாலும், அது நடந்த தேதியிலிருந்தே மணம் என்று கொண்டு பிள்ளையின் பத்திரத்தைத் திருத்தித் தரட்டும். முன்தேதியிட்டு ஏற்பது சட்டத்துக்கு அடுக்காது என்று யாரும் சொல்லவேண்டாம். சுயமரியாதை மணம் செல்லாது என்று 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அண்ணாதுரை மந்திரிசபை 1967-இல் சட்டம் கொண்டுவந்து, அதற்கு முன் நடந்த அத்தகைய மணங்களையும் சேர்த்துச் செல்லும் என்றாக்கியது. அவ்வளவு தூரம் போவானேன்? 1982-க்கு முன் நடந்த மணங்களைப் பதிவானவையாக ஏற்றுக்கொண்டபோது மலேசியச் சர்க்கார் செய்ததும் இதுதான்.

தொழிற்சங்கங்களும் இந்தியர் சங்கங்களும் இதை எடுத்துக்கொண்டு நாடாளுமன்ற உறுப்பினர்களைக் கேட்கவேண்டும். சட்டம் மாறுகிற வரையில் கோயில் நிர்வாகக் குழுக்கள் ஒரு காரியம் செய்யலாம். உபயதாரர்களின் பெயரைச் சலவைக்கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதன் பக்கத்தில் ஒரு மரப்பலகையில், இந்தக் கோயிலில் உதவிப் பதிவாளராக நியமனம் பெற்ற குருக்கள் யார், அறிவிப்பு எத்தனை நாள் முன்னதாகக் கொடுக்கவேண்டும், ஊரில் போய் மணந்தவர்கள் எத்தனை மாதத்துக்குள் எங்கே போகவேண்டும் என்று தமிழில் எழுதித் தொங்கவிட வேண்டும். எழுத ஆள் இல்லையென்றால் நாம் வந்து எழுதித் தருகிறோம்.